பூசணியின் இடுப்பெலும்பு

என் சித்தப்பாவுக்குத் தெருவில் வைத்த பெயர் ‘ஒருவாய்’. பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் வேறு உண்டு. சம்பளம் வாங்கும் நாளில் மட்டும் அது வெளியே வரும், கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடும். ‘இன்னும் ஒரு வாய்’ என்று எல்லாரையும் கெஞ்சுவதால் வந்த பட்டம் இது. விருந்தாளி ஏப்பம் விட்டால் அதைப் பசியின் சத்தம் என்று எடுத்துக்கொள்வார். எங்கள் வாசலில் படுத்திருக்கும் நாய் யாரைப் பார்த்தும் வாலாட்டுவதில்லை. மரியாதை இல்லாமல் இல்லை, எழுந்திருக்க முடிவதில்லை.

முன்பு அவர் ஒரு நூற்பாலையின் கேன்டீனில் பரிமாறுகிறவராக இருந்தார். சித்தி அங்கே நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தாள். ஒரு மத்தியானம் அவள் தட்டின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு “போதும்” என்றாள். சித்தப்பாவுக்கு அந்த ஒரு சொல் மட்டும் காதில் ஏறாது. கொதிக்கக் கொதிக்க இருந்த குழம்பு கைமேல் விழுந்தது.

“கையைச் சுட்டுட்டீங்களே” என்றாளாம் சித்தி.

“கையை எடுத்திருந்தா தட்டுல விழுந்திருக்கும்ல” என்றாராம் இவர்.

இந்தப் பதிலைக் கேட்ட பிறகும் அவள் இவரைக் கட்டிக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்டிருக்கிறேன். நல்ல நாளில் கேட்டால், “அவ்வளவு பேர் சாப்பிடற இடத்துல எனக்குப் பசிக்குதான்னு கவலைப்பட்ட ஒரே ஆளு” என்பாள். மற்ற நாளில் கேட்டால், “தலையெழுத்து” என்பாள்.

ஆலை மூடியதும் இருவரும் முதலாளியம்மாவின் பன்றிப் பண்ணையில் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடமும் நானும் பத்தாம் வகுப்பில் மனமொத்துப் பிரிந்துவிட்டதால் நானும் அங்கேதான். கொட்டகை கழுவும் குழாய் என் கையில். என் பெயர் ‘வாலு’. அதற்கு விளக்கம் தேவையில்லை.

பண்ணையில் இரண்டு கட்டிடங்கள்தான் முக்கியம். ஒன்று சினைக் கொட்டகை. கர்ப்பமாக இருக்கும் தாய்ப்பன்றிகள் தனித்தனித் தடுப்புகளில் வரிசையாக நிற்கும். அது சித்தப்பாவின் ராஜ்ஜியம். நாள் நெருங்கியதும் அவற்றைக் குளிப்பாட்டி, நடுவில் இருக்கும் சிமெண்ட் பாதை வழியாக எதிர்க் கட்டிடத்துக்கு ஓட்டிப் போவோம். அது பிரசவ அறை. குட்டி போடுவதும் பால் கொடுப்பதும் அங்கே. அது சித்தியின் ராஜ்ஜியம். ஆக, இவர் தீனி போட்டு அனுப்புவதன் பலன் எல்லாம் அவள் கையில்தான் வந்து விழும். வீட்டில் தொடங்காத சண்டை அந்தச் சிமெண்ட் பாதையில் தொடங்கும்.

“நீங்க அனுப்பறது பன்றியா, பீரோவா? கதவுல நுழைய மாட்டேங்குது” என்று சித்தி அந்தப் பக்கமிருந்து கேட்பாள்.

“வயித்துல ஒரு டஜன் இருக்கு. அத்தனை பேருக்கும் சேர்த்துச் சாப்பிட வேணாமா?” என்பார் இவர் இந்தப் பக்கமிருந்து.

நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தண்ணீர் அடிப்பேன்.

எந்தப் பன்றிக்கு எவ்வளவு தீனி என்பதற்கு எங்கள் பண்ணையில் ஒரு முறை உண்டு. வாரம் ஒருநாள் சித்தப்பா வரிசையாகப் போய் ஒவ்வொன்றின் இடுப்பிலும் உள்ளங்கையை வைப்பார். சும்மா வைத்ததுமே எலும்பு தட்டுப்பட்டால் அது ஒல்லி. முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு. கொஞ்சம் அழுத்தினால் தட்டுப்பட்டால் சரியான உடம்பு, எதுவும் எழுத வேண்டாம். அழுத்தியும் எலும்பைக் காணோம் என்றால் குண்டு. ஒரு வட்டம். கோட்டுக்காரிக்கு ஒரு டப்பா கூட, வட்டக்காரிக்கு ஒரு டப்பா குறைவு. அவ்வளவுதான் கணக்கு. நானே புரிந்துகொண்டேன் என்றால் பாருங்கள்.

கை வைப்பதில் சித்தப்பாவை அடிக்க ஆளில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தக் கை கோணும். பூசணியிடம்.

பூசணி பிறந்தபோது கூடப் பிறந்தவர்கள் எல்லாரையும்விடச் சின்னது. பல்லி மாதிரி இருந்ததாம். தாயின் மடியில் இடம் பிடிக்கத் தெம்பில்லாமல் ஓரமாகக் கிடந்ததைச் சித்தப்பா அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, விரலைப் பாலில் நனைத்துச் சப்பக் கொடுத்து வளர்த்தார். அந்தப் பல்லி வளர்ந்து இப்போது திரும்பிப் படுத்தால் தடுப்பின் கம்பிகள் முனகுகின்றன. ஆனாலும் அவர் கண்ணுக்கு அது இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது.

பூசணிக்கும் அது தெரியும். தீனி வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டால் போதும், ஏழு நாள் பட்டினி கிடந்ததுபோல் ஒரு ஓலம் போடும். முன்காலைத் தொட்டிமேல் வைத்து, கண்ணைச் சொருகி, காதைத் தொங்கப்போட்டு நிற்கும். குறும்பு என்று ஒன்றை நானும் ஓரளவு கற்றவள். சொல்கிறேன், அந்தப் பன்றியின் கால் தூசுக்கு வரமாட்டேன்.

சித்தப்பா அதன் இடுப்பில் கை வைப்பார். எலும்பு தெரியாது. கொஞ்சம் அழுத்துவார். தெரியாது. பிறகு குதிகாலைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, மொத்த உடம்பின் பாரத்தையும் இறக்கி ஓர் அழுத்து அழுத்துவார்.

“ஆங். தட்டுப்படுது. பாவம், மெலிஞ்சிருக்கா. கோடு போடு.”

“சித்தப்பா, அந்த அழுத்து அழுத்தினா தரையோட எலும்பே தெரியும்.”

“உனக்கு என்ன தெரியும், வாலு. போட்டுட்டுப் போ.”

பூசணியின் பக்கத்துத் தடுப்பில் ஒரு பன்றி உண்டு. அது கத்தாது, தொட்டியைத் தட்டாது. போட்டதைத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால் ‘ஊமை’. பூசணியிடம் நெஞ்சு உருகி நின்றுவிட்டு அடுத்த தடுப்புக்கு வரும்போது சித்தப்பாவுக்கு வேலை பிந்தியிருக்கும். ஊமையின்மேல் கையை ஒப்புக்குத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அது ஒன்றும் சொல்லாது.

பூசணியின் இரண்டாவது ஈத்தில்தான் வினை வந்தது. குட்டி போடவே அது மூச்சு முட்டித் திணறியது. அதற்குப் பிறகுதான் பெரிய சங்கடம். பால் கொடுக்கும் நாட்களில் ஒரு தாய்ப்பன்றி மலை போலத் தின்ன வேண்டும். பூசணியோ தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பால் வற்றியது. குட்டிகள் மடியில் முட்டி முட்டி ஏமாந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி அழுதன. பால் மறக்கடித்த அன்று மற்ற ஈத்துக் குட்டிகளுக்கு நடுவே அவற்றைப் பார்த்தால், பெரியவர்கள் ஷூ வரிசையில் யாரோ குழந்தைச் செருப்பை மாற்றி வைத்ததுபோல் இருந்தது.

முதலாளியம்மா நல்ல மனுஷி. குரலை உயர்த்தாமல் பேசுவார், அதனால்தான் பயம். எடை போட்டு முடித்ததும் சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

“அண்ணே, பூசணிக்கு இன்னொரு ஈத்துதான். அதுலயும் குட்டிங்க இப்படியே இருந்தா கறிக்கு லாரியில ஏத்திடலாம். நீங்க வருத்தப்படக் கூடாது.”

“சரிங்கம்மா” என்றார் சித்தப்பா. அன்று வீட்டில் யாரையும் இன்னும் ஒரு வாய் சாப்பிடச் சொல்லவில்லை. நானாகவே ஒரு கரண்டி கூட எடுத்துக்கொண்டேன். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

தடுப்பூசி போட வந்த டாக்டர் விஷயத்தைப் பொறுமையாகச் சொன்னார். “கர்ப்பத்துல தேவைக்கு மேல தின்னு கொழுப்பு வச்சிட்டா, பிரசவத்துக்கு அப்புறம் பசி எடுக்காதுங்க. பசி இல்லேன்னா பால் இல்ல, பால் இல்லேன்னா குட்டி வளராது. அதுக்காகப் பட்டினியும் போடக் கூடாது. தாய் ஒல்லியா இருந்தா குட்டி பொறக்கும்போதே சின்னதா பொறக்கும். உடம்பைப் பார்த்துப் போடணும். அவ்வளவுதான்.”

“அதைத்தானே டாக்டர் செய்யறேன். கை வச்சுப் பார்த்துத்தான் போடறேன். பூசணி ஒல்லி. அதான் பால் இல்ல” என்றார் சித்தப்பா, சத்தியம் பண்ணுகிற முகத்தோடு.

டாக்டர் பூசணியைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். படித்தவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

சித்திக்குத் தெரியாது. பூசணி மூன்றாவது முறை சினைபிடித்து, மறுபடி கோடு வாங்க ஆரம்பித்ததும், சாப்பாட்டு இடைவேளையில் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, அவளைக் கொல்லப் போறது லாரிக்காரன் இல்ல. நீங்கதான். அந்த டப்பாவாலேயே.”

“இந்தா, என்னை என்ன வேணா சொல்லு. என் கையைச் சொல்லாத. கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தக் கை பொய் சொல்லாது.”

இதை என் காதுபட அவர் சொல்லியிருக்கக் கூடாது.

“சித்தப்பா, நிஜமாவா? கண்ணைக் கட்டிக்கிட்டு?”

“கட்டு. வரிசை முழுக்கப் பார்த்துச் சொல்றேன். ஒண்ணு தப்பா இருந்தாலும் நாளைக்குக் கொட்டகையை நான் கழுவறேன்.”

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் கண்ஜாடை என்றால் அது ஒரு தனிப் பாடம், அதில் மட்டும் நான் முதல் மாணவி. சித்தி உடனே சித்தப்பாவின் தட்டில் சோற்றைப் போட்டு, “அதுக்கு முன்னாடி ஒழுங்கா சாப்பிடுங்க, இன்னும் ஒரு வாய்” என்று உட்கார வைத்தாள். தன் வசனம் தனக்கே திரும்பி வந்த சந்தோஷத்தில் அவர் அசையாமல் சாப்பிட்டார். நான் கொட்டகைக்கு ஓடினேன்.

பன்றியை இடம் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஓர் அகலமான பலகையைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்தால், சுவர் நகர்கிறது என்று நினைத்து அதுவும் நகரும். ஊமையைப் பூசணியின் இடத்துக்கும், பூசணியை ஊமையின் இடத்துக்கும் மாற்றினேன். பூசணி வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் மெல்லுவதற்கு முட்டைக்கோஸ் தண்டுகளைப் போட்டேன். அவளும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தொழில்காரர்களுக்குள் இருக்கும் மரியாதை அதில் தெரிந்தது.

சித்தப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சித்தி தன் தலைத்துணியால் அவர் கண்ணை இறுக்கிக் கட்டினாள். அவர் கம்பியைத் தடவியபடி வரிசையில் நடந்தார். ஒவ்வொரு தடுப்பிலும் கையை வைத்தார், சொன்னார். “இது சரி. இதுவும் சரி. இது லேசா மெலிவு, கோடு.” நானும் சித்தியும் பின்னாலேயே வந்து சோதித்தோம். ஒன்றுகூடத் தப்பில்லை. அந்தக் கையைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான்.

பூசணியின் தடுப்பு வந்தது. உள்ளே ஊமை நின்றுகொண்டிருந்தது. கையை வைத்தார். அழுத்தவில்லை, அதற்கு அவசியமே இருக்கவில்லை.

“பார்த்தியா” என்றார், குரல் உயர்ந்தது. “வச்ச உடனே எலும்பு குத்துது. நான் சொன்னப்ப யாரு நம்பினீங்க? என் பூசணி எப்படி வத்திப் போயிருக்கா பாரு. ஒரு கோடு பத்தாது, ரெண்டு போடு.”

நான் ரெண்டு கோடு போட்டேன். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த தடுப்பு. கையை வைத்தார். நிறுத்தினார். கொஞ்சம் அழுத்தினார். இன்னும் கொஞ்சம். இந்த முறை குதிகால் தூக்கவில்லை. ஊமைக்காக யார் குதிகால் தூக்குவார்கள்?

“இது என்ன, எலும்பையே காணோம்? ஊமை எப்ப இப்படிக் குண்டானா? யாரு இவளுக்கு இப்படி அள்ளி அள்ளிக் கொட்டறது? வட்டம் போடு. இப்படியே விட்டா பிரசவத்துல திணறிடுவா. பால் வராது.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பூசணி தண்டுகளைத் தின்று முடித்துவிட்டு, சித்தப்பாவின் குரல் இவ்வளவு பக்கத்தில் கேட்டும் டப்பா வரவில்லையே என்று தன் பிரசித்தி பெற்ற ஓலத்தை எடுத்துவிட்டாள்.

சித்தப்பாவின் கை அவள் இடுப்பின்மேல் அப்படியே நின்றது. மறு கையால் கண்கட்டை மெதுவாக அவிழ்த்தார். பூசணியைப் பார்த்தார். முதுகில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், அதற்கு இரண்டு பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் பக்கத்துத் தடுப்புக்குப் போனார். ஊமை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இவ இத்தனை நாளா பசியோடவா நின்னா?” என்றார்.

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. சித்திதான் சொன்னாள். “கேட்டாத்தானே உங்களுக்குத் தெரியும். இவ கேக்க மாட்டா.”

“என் கைக்குத் தெரிஞ்சிருக்கணும்ல.”

“கைக்குத் தெரிஞ்சுதுங்க. கண்ணுக்குத்தான் தெரியல.”

மறுநாள் கொட்டகையை அவர்தான் கழுவினார். வரிசையில் ஒன்றுமே தப்பில்லை என்று நான் வாதாடியும் கேட்கவில்லை.

வட்டத்தை அழிக்காமல் வைத்திருப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. டப்பா குறைந்ததும் பூசணி கூரையைப் பெயர்த்தாள். சித்தப்பா காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். பஞ்சோடும் கேட்டது. ஒருநாள் கண்ணில் நீர் நிற்க, டப்பாவோடு அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் ஒன்றும் பார்க்காததுபோல் அவர் காலில் தண்ணீர் அடித்தேன். அவர் துள்ளி நகர்ந்ததில் டப்பா வண்டியிலேயே கொட்டியது. அவ்வளவுதான் என்னால் முடிந்த உதவி.

பிறகு டாக்டரிடம் போன் போட்டுக் கேட்டது சித்திதான். கொழுப்பு வைக்காமல் வயிற்றை நிரப்ப வழி உண்டா என்று கேட்டாள். நார்ச் சத்து கூட்டச் சொன்னார். சோளமும் சோயாவும் அளவோடு, அதோடு தவிடு கலந்து, மெல்லுவதற்குத் தாராளமாக வைக்கோல். சித்தப்பாவுக்கு மறுவாழ்வு வந்தது. வைக்கோலுக்கு டப்பா கணக்குக் கிடையாது. கை நிறைய, மனம் நிறைய அள்ளிப் போடலாம். பூசணி மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள், வாய் ஓயாததால் கத்த நேரமில்லை. வயிறு நிறைந்ததும் படுத்துத் தூங்கினாள். வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

பூசணியிடம் மிச்சமான நேரமெல்லாம் ஊமைக்குப் போனது. அவளுக்கு டப்பா கூடியது. நாள் நெருங்க நெருங்க, வயிற்றில் குட்டிகள் வேகமாக வளரும் அந்தக் கடைசி வாரங்களில் இன்னும் கொஞ்சம். ஒருநாள் சித்தப்பா கை வைத்தபோது ஊமை சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி ஒரு முனகல் போட்டது. அவர் அதைப் பற்றி வீட்டில் சாப்பாடு முடியும்வரை பேசினார்.

இரண்டையும் ஒரே காலையில் குளிப்பாட்டி, சிமெண்ட் பாதை வழியாக ஓட்டிப் போனோம். சித்தி பிரசவ அறையின் கதவைத் திறந்து வைத்துப் பூசணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பரவாயில்ல. இந்த தடவை பீரோ இல்ல. நாற்காலி.”

சித்தப்பாவின் முகத்தில் லாரி ஓடிக்கொண்டிருந்தது.

பூசணி ஒரு முற்பகலில் குட்டி போட்டாள். சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று, ஒவ்வொரு குட்டி வரும்போதும் தானும் முக்கினார். போன முறை மாதிரித் திணறல் இல்லை. குட்டிகள் வந்து விழுந்தன, தும்மின, தட்டுத்தடுமாறி மடியைத் தேடிப் போயின. பதினோரு குட்டிகள். ஊமையும் சில நாளில் போட்டது. போன முறை அதன் ஈத்தில் பாதி எலிக்குஞ்சு போல் இருந்தது. இந்த முறை ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தன.

ஆனால் எங்கள் கவலை பிரசவம் இல்லை, அதற்கு அடுத்த நாள். தொட்டியில் தீனியைக் கொட்டிவிட்டுச் சித்தி நகர்ந்து நின்றாள். சித்தப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூசணி எழுந்தாள். தொட்டியை முகர்ந்தாள்.

முகர்ந்துகொண்டே இருந்தாள். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு சத்தம் கேட்டது. நல்ல, அநாகரிகமான, சப்புக் கொட்டுகிற சத்தம். தொட்டியைக் காலி பண்ணிவிட்டு நிமிர்ந்து, கர்ப்ப காலம் முழுக்கச் சேர்த்து வைத்த ஓலத்தை ஒரே மூச்சில் எடுத்துவிட்டாள்.

“கேட்டுது, கேட்டுது” என்றாள் சித்தி. “ஏங்க, அங்க என்ன வேடிக்கை? உள்ள வாங்க. இங்க அளவெல்லாம் கிடையாது. நாளுக்கு நாள் கூட்டிக்கிட்டே போகணும், எவ்வளவு தின்னாலும் பால்தான்.”

“எவ்வளவு வேணாலும் போடலாமா?”

“போடலாம்.”

“நீயா சொல்ற?”

“நான்தான் சொல்றேன். டப்பாவை எடுங்க.”

அதிலிருந்து தன் கொட்டகை வேலை முடிந்ததும் சித்தப்பா பிரசவ அறைக்கு ஓடிவிடுவார். ஒரு டப்பா, இன்னும் ஒரு வாய், அதற்குமேல் இன்னும் ஒரு வாய். பூசணி தின்றாள், சரிந்து படுத்தாள், உர் உர் என்று தாளம் போட்டுக் குட்டிகளைக் கூப்பிட்டாள். பதினொன்றும் வரிசையாக மடியில் தொங்கின. நாளடைவில் அவற்றின் கழுத்து காணாமல் போனது.

பால் மறக்கடிக்கும் நாளன்று லாரி வாசலில் வந்து நின்றது. வயதான இரண்டு பன்றிகளை ஏற்றினார்கள். முதலாளியம்மா தராசுக்குப் பக்கத்தில் நின்றார். நான் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தேன். கை வலித்தது. போன ஈத்தில் வலிக்கவில்லை. கடைசிக் குட்டி இறங்கியதும் முதலாளியம்மா தராசை ஒருமுறை தட்டிப் பார்த்தார், பழுதாகிவிட்டதோ என்று.

“அண்ணே, இந்த தடவை என்ன போட்டீங்க?”

“குறைச்சுப் போட்டேம்மா” என்றார் சித்தப்பா. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

முதலாளியம்மா வாசல் பக்கம் திரும்பி, லாரிக்காரரிடம் கையை அசைத்தார். “அவ்வளவுதான், கிளம்புங்க.” லாரி போய்விட்டது. சித்தப்பா தண்ணீர்க் குழாயை என்னிடமிருந்து வாங்கி முகம் கழுவினார். வெயில் என்றார். மேகமாக இருந்தது.

பூசணி சினைக் கொட்டகைக்குத் திரும்பி வந்தாள், ஊமைக்குப் பக்கத்திலேயே. அந்த வாரம் கை வைக்கும் நாள் வந்தபோது, பூசணியின் தடுப்பில் சித்தப்பா நின்றார். தானாகவே கண்ணை மூடிக்கொண்டார். கையை வைத்தார். அழுத்தவில்லை.

“எலும்பு தெரியுது” என்றார், கண்ணைத் திறக்காமல், பயந்துகொண்டே.

சித்தி பாதையைத் தாண்டி வந்தாள். “தள்ளுங்க. உங்களை நம்ப முடியாது.” அவளும் கையை வைத்தாள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். பதினோரு பேருக்குப் பால் கொடுத்த இடுப்பு. எலும்பு நிஜமாகவே தட்டுப்பட்டது.

“ஆமாங்க” என்றாள். “ஒல்லிதான்.”

நான் ஒரு கோடு போட்டேன். சித்தப்பா டப்பாவை நிறைத்துக் கொட்டினார். பிறகு அடுத்த தடுப்புக்கு நகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஊமையின் இடுப்பில் கையை வைத்தார்.